வீட்டின் பிறந்த நாள்

கட்டடம் பழையதானால் வாடகை குறையும் என்பர். ஏன் குறைகிறது? வீட்டுக்காரரின் நெஞ்சம் இளகுவதாலா? அன்று! சுவர் விரிசல் காண்கிறது, குழாய் துருவேறுகிறது, வசதி படைத்தோர் புதுமாடி தேடிப் புறப்படுகின்றனர். அவர் விட்டுச் சென்ற இடத்தில் எளியவர் குடிபுகுகின்றனர். ஆகவே, இன்றைய புதுவீடே நாளைய எளியோர் இல்லம் என்கின்றனர் பொருளாதாரம் கற்றோர்.

உண்மை, ஆனால் பாதி உண்மை! புதுவீடுகள் போதிய அளவு எழும்பாத ஊரில் பழஞ்சுவருக்கும் பொன்விலை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நூறாண்டு கண்ட மரவீட்டுக்கும் செல்வர் போட்டியிடுகின்றனர். முதுமை அங்கே ஏழைக்குத் துணை நிற்கவில்லை.

எனவே சட்டம் வந்தது. 1979-ஆம் ஆண்டு ஜூன் 13-க்கு முன் எழுந்த அடுக்குமாடிகளில், ஆண்டுதோறும் ஏற்றும் வாடகைக்கு நகராட்சி வரம்பு கட்டியது. நன்று! ஆனால் 1995-இல் வந்த மாநிலச் சட்டம் அந்த நாளை நகர்த்த முடியாதபடி ஆணியடித்தது. குடியிருப்போர் தாமாக வெளியேறினால், அடுத்து வருபவரிடம் கேட்ட வாடகை வாங்கலாம் என்றும் வழிவிட்டது.

விளைவு யாது? 1978-இல் எழுந்த மாடியில் வாழ்பவருக்கு நகரச் சட்டத்தின் காவல் உண்டு. 1980-இல் எழுந்த அடுத்த மாடிக்காரருக்கு இல்லை! நாற்பதாண்டு கடந்தும் அது சட்டத்தின் கண்ணுக்குப் புதுவீடு! இருவரும் உழைப்பாளிகளே, இருவர் வீட்டிலும் எரிவது அடுப்பே. மனிதனின் தேவையை விட்டுவிட்டு, வீட்டின் பிறந்த நாளைப் பார்த்து நீதி வழங்குவது ஜாதகம் கணிப்பதன்றி வேறென்ன? காவல் பெற்றவரோ, வேலை வேறிடம் சென்றாலும் வீட்டைவிட்டு அசைய அஞ்சுகிறார். அவர் போனால் ஆதாயம் என வீட்டுக்காரர் காத்திருக்கிறார்.

2019-இல் கலிபோர்னியா மாநிலம் வேறு வழி கண்டது. கட்டி 15 ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு, சில விலக்குகளுடன், ஆண்டு உயர்வு எக்காரணம் கொண்டும் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது. நாள் நிற்கவில்லை, ஆண்டுதோறும் நகர்கிறது. முதல் போட்டவருக்கு அவகாசம். பின்னர் குடியிருப்போருக்குக் காவல். அறிவுக்கு ஒத்த முறை! எனினும் 2030 வரையே அதற்கு ஆயுள்.

காவல் மட்டும் போதுமா? சட்டம் செங்கல் அடுக்காது. கட்டுவதும் வேண்டும், காப்பதும் வேண்டும். கட்டாமல் காத்தால், வெளியே நிற்பவன் வெளியிலேயே நிற்பான். காக்காமல் கட்டினால், உள்ளே இருப்பவன் வெளியே தள்ளப்படுவான்.

வீடு கிழமாகும் வரை காத்திரு என்று ஏழையிடம் கூறுவோர், அதற்குள் அவனும் கிழமாகிவிடுவான் என்பதை எண்ணினரா?