பெயரை விட்டுவிட்டு ஆடலாம்

கோயில் கொடையில் நள்ளிரவு தாண்டியதும் கரகம் ஆடியவர் சற்று இளைப்பாறுவார். நையாண்டி மேளம் அடியை மாற்றும். பாசிமணியும் குட்டைப் பாவாடையுமாக ஒரு பெண் வர, எதிரே ஒருவர் இரட்டை அர்த்தத்தில் வம்புக்கு இழுப்பார். முன்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். இதுதான் குறவன் குறத்தி ஆட்டம். 2023 மார்ச்சில் தமிழக அரசு இதைக் கலைகள் பட்டியலிலிருந்து நீக்கித் தடை விதித்தது.

இதை ஆபாசப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது இரண்டாம்பட்சம். கொச்சைப் பேச்சு கரகாட்டத்திலும் உண்டு, தெருக்கூத்துக் கட்டியங்காரன் வாயிலும் உண்டு. பிடிக்காதவர் எழுந்து போய்விடலாம். சாதிப் பெயரே கேலிப்பொருளாகும்போது குறவர் வீட்டுப் பிள்ளை எங்கே எழுந்து போகும்? அந்தப் பெயர் அதனோடு பள்ளிக்கூடத்துக்கும் அல்லவா வருகிறது!

ஆடுகிறவர்களும் பெரும்பாலும் குறவர்கள் அல்லர். அந்தப் பாசிமணி வேடமோ நரிக்குறவரைப் பார்த்துப் போட்டது. அவர்கள் வாக்ரிபோலி பேசும் வேறு சமூகம். ஒரே வேடத்தில் இரண்டு சமூகங்கள் அவமானப்படுகின்றன.

பரம்பரையாக வருவது என்பார்கள். பரம்பரையையே பார்ப்போமே. 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளத்தைப் பெருமிதத்தோடு சொல்கிறாள். தலைவியின் கைபார்த்துக் குறி சொல்கிறாள். அந்தக் குறத்தி சிங்கியும் அவள் கணவன் சிங்கனும் பேசிக்கொள்ளும் இடத்தில் சிருங்காரத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் அவள் மதிப்பு அங்கே இறங்கவில்லை. பிறகு வந்த வெள்ளையர் ஆட்சி, குற்றப்பரம்பரைச் சட்டத்தில் குறவர்களைச் சேர்த்துப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றியது. சட்டம் போய்விட்டது, அந்தப் பெயரை இளக்காரமாகப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மேடையில் எழும் சிரிப்புக்கு அந்தப் பழக்கமும் தீனி போடுகிறது. அதனால்தான் தடை சரி என்கிறேன்.

ஆனால் ஆடிப் பிழைத்த பெண்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. திருவிழா மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மற்ற மாதங்களை அவர்கள் ஓட்ட வேண்டும். அவர்களுடைய அடவுக்கும் மேளத்துக்கும் சாதிப் பெயர் தேவையே இல்லை. விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பெயரையும் வேடத்தையும் விட்டுவிடுங்கள், அதே கலைஞர்களை அழைத்து, சம்பளத்தைக் குறைக்காமல் பேசி, அட்வான்ஸ் கொடுங்கள்.