துரோகிப் பட்டம்

1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்ற யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே தமிழ்த் தேசிய மேடைகள் அவருக்குத் துரோகி என்று பட்டம் சூட்டியிருந்தன.

அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இருந்தன. 1974 ஜனவரியில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸ் நடவடிக்கையால் உயிர்கள் போயின. அதில் மேயரின் பங்கு என்ன? ஆளும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியோடு அவர் நின்றதால் ஊருக்கு விளைந்தது நன்மையா, தீமையா? இவற்றுக்கெல்லாம் சாட்சி வேண்டும், பதில் சொல்ல அவருக்கு இடம் வேண்டும். பட்டம் சூட்டுவதற்கு இரண்டும் வேண்டியதில்லை. வசைப்பெயரின் முதல் அநீதி இதுதான்: தீர்ப்பை முன்னே வைத்து, விசாரணையை இல்லாமலாக்கிவிடுகிறது.

அந்த மேடைகளின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் அ. அமிர்தலிங்கம். பின்னாளில் ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் அவரையே துரோகி என்றார்கள். 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் அவரும் சுடப்பட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்ட எளிய மனிதர்களின் உடல்களிலும் அதே பட்டம் எழுதிய அட்டைகள் தொங்கின. அவர்களுக்காகப் பேச ஒரு மேடையும் இருக்கவில்லை.

காட்டிக்கொடுப்பு நடக்கவேயில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ் இளைஞர் எவரையும் ‘கொட்டி’ (சிங்களத்தில் புலி) என்று அழைத்து இழுத்துச் செல்லக்கூடிய அரசின் கீழ் வாழ்ந்த மக்களிடம், நாவடக்கம் பற்றிப் பாடம் எடுப்பதும் நியாயமல்ல. ஒடுக்கப்பட்டவரின் கோபத்துக்குக் கடுஞ்சொல் தேவைப்படும். ஆனால் கடுஞ்சொல் செயலைச் சுடட்டும். ‘இன்ன நாளில் இன்னாரைக் காட்டிக்கொடுத்தாய்’ என்பது எவ்வளவு கடுமையானாலும் மறுக்கக்கூடிய குற்றச்சாட்டு. ‘நீ துரோகி’ என்பதை எப்படி மறுப்பது? மறுப்பதே துரோகத்தின் அடையாளமாகிவிடும்.

சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம், தொண்ணூறுகளில் இலங்கை அரசு முன்வைத்த அதிகாரப் பகிர்வுத் தீர்வுப் பொதியை வரைவதில் பங்கெடுத்தவர். காணி அதிகாரம் போதுமா, வடக்கும் கிழக்கும் இணையுமா என்று எதிர்த்தவர்கள் அதை வரிவரியாகப் பிரித்துக் காட்டியிருக்கலாம். அந்த வாதத்தில் அவரைத் தோற்கடித்திருக்கவும் கூடும். அவருக்கும் துரோகிப் பட்டமே கிடைத்தது. 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் அவரைக் கொன்றார். பொதியின் குறைகள் அப்படியே இருந்தன. அவற்றைத் தமிழர் தரப்பிலிருந்து சட்டமொழியில் வாதாடித் திருத்தக்கூடிய மிகச் சிலரில் ஒருவர் இல்லாமற்போனார்.