ஆக்கியோன் பெயரும் வழியும்

இசைத்தட்டின் பின்னட்டையைப் படிப்பது சங்கீத விமர்சனமாகாது என்று சிலர் சொல்லக்கூடும். தட்டைச் சுழலவிட்டுக் கேட்பதுதான் காரியம். யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்பது வியாபாரிகளின் கவலை. நானும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்திருந்தேன். லெட் ஸெப்லின் குழுவின் முதல் தட்டுதான் அந்த நினைப்பைக் கலைத்தது.

1968 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் லண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில், மொத்தம் சுமார் 36 மணி நேரத்தில் பதிவான தட்டு இது. செலவை ஏற்றவர் கிதார்க் கலைஞர் ஜிம்மி பேஜ். 1969 ஜனவரி 12 அன்று அமெரிக்காவில் வெளிவந்தது. ஒன்பது பாட்டுகள், முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. பின்னால் கனத்த ராக் என்று பெயர் பெற்றதன் பெரும்பகுதி இதிலிருந்து கிளைத்ததுதான். முன்னட்டையில் 1937 மே 6 அன்று நியூ ஜெர்ஸியில் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல். ஸாம் ஷியர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து ஜார்ஜ் ஹார்டி என்ற ஓவிய மாணவர் மைப் புள்ளிகளால் திரும்ப வரைந்த சித்திரம் அது. அட்டையே ஒரு வழிநூல்.

‘வழிநூல்’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். நூல்களை முதல், வழி, சார்பு என்று பிரிக்கும் நன்னூல்காரர், சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் தருகிறார். எட்டு விஷயங்கள். முதலாவது ஆக்கியோன் பெயர். அதை ஒட்டியே இரண்டாவது, வழி: இந்நூல் எதிலிருந்து வந்தது என்பது. பிறிதொன்றிலிருந்து கிளைப்பது அவருக்கு இழுக்கல்ல. ஆனால் செய்தவன் பெயர் இருக்கும் இடத்தில் வந்த வழியும் இருந்தாக வேண்டும். இசைத்தட்டின் பின்னட்டையும் ஒருவகைப் பாயிரம்தானே? அதில் ஆக்கியோன் பெயர் இருந்து வழி இல்லாமல் போனால் எதை இழக்கிறோம், யார் இழக்கிறார்கள் என்பதே கேள்வி.

பாயிரத்தைப் பார்ப்போம். ‘பேப் ஐம் கோனா லீவ் யூ’ என்ற பாட்டுக்கு எதிரே, மரபுப் பாடல், அமைப்பு பேஜ் என்று போட்டிருந்தது. அந்தப் பாட்டு மரபினுடையதல்ல. 1950களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஆன் ப்ரெடன் என்ற பெண் எழுதியது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று, 1962-ல் ஜோன் பாயஸின் தட்டுக்கு வந்து, அங்கிருந்து பேஜின் காதுக்குப் போனது. ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ பாட்டுக்கு எதிரே பேஜின் பெயர் மட்டும். இதே தலைப்பில், இதே இறங்குமுக அடிநாதத்தோடு, ஜேக் ஹோம்ஸ் 1967-ல் ஒரு பாட்டை வெளியிட்டிருந்தார். அவ்வருஷம் ஆகஸ்டில் நியூயார்க்கில், பேஜ் அப்போது இருந்த யார்ட்பேர்ட்ஸ் குழுவின் கச்சேரிக்கு முன்னால் பாடியவரே ஹோம்ஸ்தான். ‘ப்ளாக் மௌண்டன் ஸைட்’ என்ற வாத்திய இசைக்கும் பேஜ் பெயரே. அதன் உடம்பு, பழைய ஐரிஷ் பாட்டான ‘ப்ளாக்வாட்டர்ஸைட்’டுக்கு பெர்ட் ஜான்ஷ் 1966-ல் அமைத்த கிதார் நடை, ஜான்ஷ் அந்தப் பாட்டை ஆன் ப்ரிக்ஸிடம் கற்றவர். கடைசிப் பாட்டான ‘ஹௌ மெனி மோர் டைம்ஸ்’ ஹௌலின் உல்ஃபின் 1951-ம் வருஷப் பாட்டிலிருந்து புறப்பட்டு, ஆல்பர்ட் கிங் பாடிய இன்னொன்றை நடுவில் விழுங்கிக்கொள்கிறது. அதற்கு உரியவர்களாகக் குழுவினர் மூவர் பெயர். பாடிய ராபர்ட் ப்ளாண்டின் பெயர்கூட இல்லை. அவர் வேறொரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்ததே காரணம்.

ஆக, ஒரே அட்டையில் எதிரெதிரான இரண்டு தவறுகள். உயிரோடிருக்கும் ஒருத்தியின் பாட்டு யாருடையதுமல்ல என்று சொல்லப்பட்டது. உண்மையிலேயே ஊர்ப்பொதுவான ஒரு மெட்டு ஒருவனுடையது என்று சொல்லப்பட்டது. ‘மரபு’ என்ற சொல்லை நாம் மரியாதைக்குரியதாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒரு ஆளை இல்லாமல் செய்யவும் அது போதும் என்பதை இங்கே கண்டேன்.

பேஜின் தரப்பில் சொல்ல நிறைய உண்டு. ப்ளூஸ் பிறந்ததே கைமாற்றில்தான். பன்னிரண்டு தாளக்கட்டுச் சட்டகம் யாருக்கும் சொந்தமில்லை. அடிகள் மிஸிஸிப்பிப் பண்ணைகளில் வாய்க்கு வாய் தாவியவை. ஹௌலின் உல்ஃப் தானே சார்லி பேட்டனிடம் கற்றவர். இவர்களிடம் போய் ‘இது யார் செய்தது’ என்று கேட்பது, கேள்வியையே தப்பாகக் கேட்பது என்று வாதிடலாம். அந்த வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பொதுக்கிணற்றில் தண்ணீர் இறைப்பவனை யாரும் திருடன் என்பதில்லை. ஆனால் இறைத்தபின் கிணற்றைச் சுற்றி வேலி போட்டு, தன் பெயரில் பட்டா வாங்குகிறவனை? காப்புரிமை என்பது அந்தப் பட்டாதான். மரபு தரும் சுதந்திரத்தை அனுபவித்துவிட்டு, அடுத்து வருகிறவனுக்கு அதை மறுக்கும் சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ள முடியாது. எடுத்ததில் குற்றம் காண நான் தயாரில்லை. எடுத்தபின் கதவைச் சாத்தியதில்தான் குற்றம்.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. இதே தட்டின் ‘யூ ஷுக் மீ’, ‘ஐ காண்ட் க்விட் யூ பேபி’ என்ற இரண்டு பாட்டுகளுக்கும் சிக்காகோவின் வில்லி டிக்ஸன் பெயர் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது. பட்டா எங்கே ஏற்கெனவே பதிவாகியிருந்ததோ அங்கே நாணயம் கடைப்பிடிக்கப்பட்டது என்றே எனக்குப் படுகிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைத்தான் நாம் தார்மீகம் என்கிறோம்.

இதை வெள்ளையர் கறுப்பரிடம் திருடிய கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவதும் சுலபம். அந்தக் கதை உண்மைதான். ஆனால் முழு உண்மையல்ல. ஹோம்ஸ், ப்ரெடன், ஜான்ஷ் மூவரும் வெள்ளையர்கள். ‘யூ ஷுக் மீ’யை மடி வாட்டர்ஸ் 1962-ல் பாடியபோது, ஏர்ல் ஹூக்கர் முன்பே வாசித்திருந்த கிதார்ப் பதிவின் மேல்தான் அவர் குரல் ஏற்றப்பட்டது. அந்தக் கிதாரை அடியொற்றியே மெட்டு போகிறது. இருந்தும் பாட்டுக்கு உரியவர்களில் ஹூக்கர் இல்லை. ப்ளூஸின் சொந்த வீட்டிலேயே பெயர்கள் உதிர்ந்துகொண்டுதான் இருந்தன. பலம் உள்ளவன் பக்கமாகப் பெயர் சரிகிறது. நிறம் அந்தப் பலத்தின் பெரிய உருவம், ஒரே உருவமல்ல.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். இவ்வளவும் தெரிந்தபின் தட்டை மறுபடி கேட்டேன். சங்கீதம் சுருங்கவில்லை. ஹோம்ஸின் பாட்டில் முரசு கிடையாது. நிச்சயமின்மையில் மாட்டிக்கொண்ட ஒருவனின் படபடப்பு அது. பேஜ் அதன் வரிகளை மாற்றி, பெண்ணின்மேல் குற்றம் சாட்டும் பாட்டாக்கிவிட்டார். அந்த அளவுக்கு மனோபாவம் தட்டையாகிவிட்டது என்பதே என் எண்ணம். ஆனால் வயலின் வில்லால் கிதாரை இழுத்து அவர் எழுப்பும் நடுப்பகுதியும், பான்ஹமின் முரசு திரும்ப வந்து விழும் இடமும் ஹோம்ஸிடம் இல்லாதவை. ப்ரெடனின் பாட்டில் ப்ளாண்டின் குரல் கிசுகிசுப்புக்கும் கதறலுக்கும் இடையே தாவும்போது, விட்டுப் போகிறேன் என்பவனால் போக முடியவில்லை என்பது வார்த்தையில்லாமலே தெரிகிறது. இவை நிஜமான ஆக்கங்கள். வழியைச் சொல்லியிருந்தால் ஒரு ஸ்வரமும் குறைந்திருக்காது. பின் ஏன் மறைக்க வேண்டும்?

பணம் ஒரு காரணம். வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பணம் பெயரைத் தேடித்தான் போகும். இன்னொரு காரணத்தில் நமக்கும் பங்கிருக்கிறது. கலைஞன் சூன்யத்திலிருந்து சிருஷ்டிக்கிறான் என்ற மூடநம்பிக்கையை விமர்சகர்கள் வளர்த்து வைத்திருக்கிறோம். ‘சுயம்’ என்பதையே உச்சபட்சப் பாராட்டாக வைத்திருக்கிறோம். கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்ற பயத்தை உண்டாக்கிவிட்டு, மறைத்துவிட்டான் என்று பிறகு கூச்சலிடுகிறோம். ஒரு படைப்பு எங்கிருந்து வந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளக்கத் தெரிந்த வாசகர் கூட்டம் இருந்தால், வழியைச் சொல்வது படைப்பாளிக்குப் பெருமையாக இருக்கும். பேஜ் கடந்த தூரத்தைக் காட்டக்கூடிய ஒரே சாட்சி ஹோம்ஸின் பாட்டுதான். அதை மறைத்ததில் அவர் தன் சாதனையின் அளவுகோலையும் சேர்த்தே மறைத்தார்.

காலம் சிலவற்றைத் திருத்தியது. தன் பாட்டு இப்படி ஒலித்துக்கொண்டிருப்பது ப்ரெடனுக்கு 1980களில்தான் தெரிந்தது. 1990-லிருந்து அவர் பெயர் சேர்ந்தது, பாக்கித் தொகையும் வந்தது. ஹோம்ஸ் 2010-ல் வழக்குப் போட்டார், சமரசமானது. 2012-ல் வந்த கச்சேரிப் பதிவில் பேஜ் பெயருக்குப் பக்கத்தில், ஜேக் ஹோம்ஸின் தூண்டுதலில் என்று ஒரு சொற்றொடர் முளைத்தது. ஜான்ஷுக்கு அதுவும் இல்லை, 2011-ல் இறந்துபோனார். டிக்ஸன் இதே குழுவின் இரண்டாம் தட்டிலுள்ள ஒரு பாட்டுக்காக 1985-ல் வழக்குப் போட்டு, 1987-ல் சமரசம் கண்டார். பிற ப்ளூஸ் கலைஞர்கள் தங்களுக்குச் சேரவேண்டியதைப் பெற உதவ ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். இவற்றைக் கணக்குத் தீர்ந்ததாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பணத்தைப் பின்தேதியிட்டுக் கொடுத்துவிடலாம். இருபது வருஷம் தன் பாட்டு யாருடையதுமல்லாததாக உலகில் இருந்தது என்பதை எந்தத் தேதியிட்டுத் திருப்பித் தருவது?

சில வருஷங்களுக்கு முன் என் கட்டுரை ஒன்றைப் பாராட்டி நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். குறிப்பாக இரண்டு வாக்கியங்களை எடுத்துச் சொல்லி, இந்தப் பார்வை தமிழில் புதிது என்றிருந்தார். அந்த இரண்டின் கருத்தும் கல்லூரி நாட்களில் நான் படித்த ஓர் ஆங்கில விமர்சகருடையது. எழுதும்போது மறந்திருந்தேன், கடிதத்தைப் படித்ததும் நினைவு வந்துவிட்டது. நன்றி என்று மட்டும் பதில் போட்டேன். அதில் ஒரு பைசா லாபம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பேஜைப் பற்றி இவ்வளவு எழுதியபின், அந்த நண்பருக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.