கடலோர வீடும் அண்டை அயலும்

வாணிபத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர், கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய நாட்களைக் கடற்காற்றில் கழிக்க விரும்புவது இயல்பே. நம்மவருக்கும் கடலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நாகூர், பரங்கிப்பேட்டை, தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என நாம் புறப்பட்டு வந்த ஊர்களும் கடற்கரை ஊர்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என வந்திறங்கிய ஊர்களும் கடற்கரை ஊர்கள். ஆகவே கடலோரத்தில் ஒரு வீடு வேண்டும் என்னும் ஆசையை நாம் குறை கூறப் போவதில்லை. நேர்மையாக ஈட்டிய பொருளைக் கொண்டு நல்ல வீட்டில் வாழ்வது குற்றமாகாது.

நாம் இங்கே ஆராய விரும்புவது வேறொன்று. கடலோரத்தில் வீடு வாங்கும்போது உண்மையில் நாம் வாங்குவது எதை? கடலையா? கட்டடத்தையா? அல்லது அங்கே வாழும் மக்களின் நடுவே ஓர் இடத்தையா? மூன்றாவதுதான் என்றால், அது விலை கொடுத்து வாங்கக் கூடியதுதானா?

வணிகராகிய நமக்குச் சரக்கு வாங்கத் தெரியும். அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்போம். துணியை விளக்கொளியில் மட்டும் பாராமல் வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம். தரம் பிடித்தால் விலை பேசுவோம். பணம் கொடுத்ததும் அந்த வியாபாரம் முடிந்தது. வீடோ அப்படியன்று. சரக்கில் பணம் கொடுத்தவுடன் உறவு முடிகிறது. வீட்டில் பணம் கொடுத்த பிறகுதான் உறவு தொடங்குகிறது. பத்திரம் கைக்கு வந்த நாள்முதல், நாம் தேர்ந்தெடுக்காத மனிதர் பலருக்கு நாம் அண்டை வீட்டார் ஆகிறோம். அவர்களும் நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்து, வீட்டையும் ஒரு சரக்காகவே எண்ணி வாங்குவதால்தான் பின்னர் பலருக்கு மனக்குறை உண்டாகிறது.

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். கடலை எவரும் வாங்க முடியாது. கடல் அருகே இருக்கும் என்ற உறுதியைக்கூட வாங்க முடியாது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரைச் சாலை. கப்பலில் வந்தவர்கள் கரையேறிய இடம் அது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோர் 1827இல் அங்கே ஒரு குடிசையில் தொழுகை நடத்தத் தொடங்கினர். அதுவே குச்சுப்பள்ளி எனப்பட்டு, இன்று அல் அப்ரார் பள்ளிவாசலாக நிற்கிறது. அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்கா எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கரை மண்ணிட்டு நிரப்பப்பட்டது. கடல் விலகிப் போயிற்று. இன்று அந்தத் தெருவில் நின்று பார்த்தால் தென்படுவன வானளாவும் கட்டடங்களே அன்றிக் கடலன்று.

காத்தோங் பகுதியிலும் இதுவே நடந்தது. அங்கே கடலைப் பார்த்தபடி பங்களா கட்டி வாழ்ந்த செல்வர் பலர் இருந்தனர். 1966இல் கிழக்குக் கடற்கரையில் நிலம் நிரப்பும் பணி தொடங்கியது. எழுபதுகளில் அந்தப் புதுநிலத்தின் மேல் மரீன் பரேட் குடியிருப்பு எழுந்தது. முன்வரிசையில் வீடு வாங்கியவர் பின்வரிசைக்காரர் ஆனார். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங்கிலும் கர்னி டிரைவ் சாலையின் எதிரிலும் கடல் நிலமாகியிருப்பதை நம் வாசகர் பலர் கண்ணாலேயே கண்டிருப்பர். ஆகவே, கடல் தெரிகிறது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பவர், பிறர் கையில் இருக்கும் ஒன்றுக்கு விலை கொடுக்கிறார்.

கடல் விலகிப் போவது ஒருபுறமிருக்க, அது நம்மை நோக்கி வருவதும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை எவரும் மறந்திருக்க முடியாது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் பினாங்குத் தீவில் மாண்டவர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தனர். சுமத்ராத் தீவு நடுவே கிடப்பதால் சிங்கப்பூர் அன்று தப்பியது. ஆயினும் அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்துக்கும் குறைவாகவே உள்ளது. கடல்மட்ட உயர்விலிருந்து காக்க நூறு ஆண்டுகளில் பத்தாயிரம் கோடி வெள்ளியோ அதற்கு மேலுமோ செலவாகலாம் என 2019இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் அளவில் புதுநிலம் அமைத்து அதையே கடலுக்கு அணையாக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. ஓர் அரசாங்கமே நூறாண்டுக் கணக்குப் போடும்போது, முப்பதாண்டுத் தவணையில் வீடு வாங்கும் நாம் ஒருநாள் மாலைக் காற்றை மட்டும் கணக்கில் கொள்வது பொருந்துமா?

அப்படியானால் கடலோரத்தில் நம்பி வாங்கத் தக்கது எது? அந்த 2004ஆம் ஆண்டின் துயரமே இதற்கு விடை கூறுகிறது. பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார், அலையில் வீடிழந்து வந்த மீனவக் கிராம மக்களுக்கு அடைக்கலமும் உணவும் அளித்தனர். வந்தவர் எந்தச் சமயத்தார் என்று எவரும் கேட்கவில்லை. நாகூரில் தர்கா நிலத்தில் பல சமயத்தாரின் உடல்களும் அடக்கம் செய்யப்பட்டன. அன்று அந்த மக்களுக்கு உதவியது கட்டடத்தின் உறுதியன்று. கதவைத் தட்டினால் திறக்கக் கூடிய மனிதர் அருகே இருந்தமைதான். வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு என்று அரபு மக்களிடையே வழங்கும் பழமொழியின் பொருள் அத்தகைய நாளில்தான் முழுமையாக விளங்குகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். “அண்டை அயலார்தான் முக்கியம் என்றால், நம்மவர் மட்டும் வாழும் இடமாகப் பார்த்து வாங்கிவிடலாமே?” என்று சிலர் கூறுவர். இதில் ஓரளவு நியாயம் உண்டு. பள்ளிவாசல் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், ஹலால் உணவு கிடைக்க வேண்டும், நோய் வந்தால் உறவினர் எட்டிப் பார்க்க வேண்டும் என்பவை சிறு காரியங்கள் அல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, அவள் தாயும் சகோதரிகளும் வாழும் இடத்திலேயே குடியமர்த்தும் வழக்கம் உண்டு. ஆண்மக்கள் கடல் கடந்து ஆண்டுக்கணக்கில் வணிகம் செய்த காலத்தில், பெண் தனித்துவிடாதபடி காத்த ஏற்பாடு அது. வீட்டின் மதிப்பு அதன் சுவரில் இல்லை, சுற்றியிருப்பவரிடம் இருக்கிறது என்பதை நம் மூத்தோர் அறிந்தே இருந்தனர்.

ஆனால் அதே முன்னோர், கடல் கடந்து வந்த இடத்தில் எப்படி வாழ்ந்தனர் என்பதையும் காண வேண்டும். தெலுக் ஆயர் தெருவில் குச்சுப்பள்ளிக்கும் நாகூர் தர்காவுக்கும் இடையேதான், 1839 முதல் 1842 வரை சீன மக்கள் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில் நிற்கிறது. ஒரே கரையில் இறங்கியவர்கள், ஒரே தெருவில் அவரவர் வழிபாட்டை நடத்தினர். ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கல் செய்தனர். தமக்குள் ஒற்றுமையாக இருந்தவர்கள், பிறருக்குக் கதவை அடைக்கவில்லை. நம்மவர் அருகே இருப்பது நமக்குத் துணை. நம்மவர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது வேறு. முன்னது தேவை, பின்னது அச்சம். அச்சத்தை அடிப்படையாகக் கொண்டு வீடு வாங்குகிறவர், மதில் சுவரைத்தான் வாங்குவார்.

இனி இந்தப் பொருளின் கடினமான பகுதிக்கு வருவோம். நாம் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம். நாம் போவதால் அந்த ஊருக்கு என்ன ஆகிறது? கடலோரத்தில் நமக்கு முன்பே குடியிருப்பவர் பெரும்பாலும் மீன்பிடிப்பவர், சிறுகடை நடத்துபவர், பரம்பரையாகக் கம்பத்தில் வாழ்பவர். வெளியூர்ப் பணம் வந்து சேரும்போது நிலத்தின் விலை ஏறுகிறது, குடிக்கூலி ஏறுகிறது, படகு இழுக்கும் மணல் காட்சிக்குரிய இடமாகிறது. நாளடைவில், எந்த ஊரின் அழகைக் கண்டு நாம் சென்றோமோ, அந்த ஊரின் மக்கள் அங்கே வாழ முடியாமல் போகின்றனர்.

இது வெறும் கற்பனையன்று. பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது நீங்கியதும், குறைந்த வாடகையில் குடியிருந்த பழைய குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. 2008இல் அந்நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பின் கடைவீடுகளின் விலை மேலும் ஏறிற்று. குடியிருந்த வீடுகள் தங்கும் விடுதிகளாயின. கட்டடத்தின் உரிமையாளருக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பழைய வாடகையில் கூரையைப் பழுதுபார்க்கவும் வழியின்றி இருந்தவர் பலர். ஆயினும் தெரு பிழைத்துத் தெருவார் போய்விட்டால், அங்கே எஞ்சியிருப்பது என்ன?

“நான் கேட்ட விலையைக் கொடுத்தேன்; விற்றவர் மனமொப்பி விற்றார். இதற்கு மேல் எனக்கு என்ன கடமை?” என்று ஒரு வணிகர் கேட்கலாம். சரியான கேள்விதான். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே கணக்குத் தீர்ந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அண்டை வீட்டார் அந்தக் கிரயத்தில் கையெழுத்திடவில்லை. அதன் விளைவை அனுபவிக்கப் போகிறவர் அவரும்தான். நம் பேரேட்டில் ஏறாத பாக்கி எல்லாம் பாக்கி இல்லை என்று ஆகிவிடாது. வாங்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாங்கியபின் அந்த ஊருக்குப் பயன்பட வாழ்வதே அந்தப் பாக்கியைத் தீர்க்கும் வழி என்கிறோம். கடற்கரைக்குப் போகும் பழைய பாதையை வேலியிட்டு அடைக்காதிருப்பது, அவ்வூர்க் கடையிலேயே சாமான் வாங்குவது, அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது ஆகியவை பெரிய தியாகங்கள் அல்ல.

இதைவிட ஒருபடி குறைந்த நிலை, பூட்டிய வீடு. ஆண்டில் இரண்டு வாரம் திறந்து ஐம்பது வாரம் பூட்டிக் கிடக்கும் வீட்டால் அண்டை அயலாருக்கு என்ன நன்மை? இரவில் விளக்கு எரியாத வீடுகள் நிறைந்த தெருவில், எஞ்சிய ஒரு வீட்டில் வாழும் முதியவர் யாரை அழைப்பார்? தாயகத்தில் நம் கடற்கரை ஊர்களிலும் பெரிய மாளிகைகள் இவ்வாறு பூட்டிக் கிடப்பதை நாம் அறிவோம். அடுக்குமாடி வீட்டிலோ இதன் சுமை கணக்கிலேயே தெரியும். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, ஒவ்வோர் உரிமையாளரும் பராமரிப்புக் கட்டணமும் சேமநிதியும் செலுத்த வேண்டும். வெளியூரில் இருந்துகொண்டு அதைக் கட்டாமல் இழுத்தடிக்கும் ஒருவரால் மின்தூக்கி பழுதாகிக் கிடக்கிறது. பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு தாய் படியேறுகிறாள். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் கடலோரத்தில் பழுதுகள் விரைவில் வரும். இந்தக் கடமையும் அங்கே இரட்டிப்பாகும். கடையில் தவணை தவறாதவர் என்று பெயரெடுத்தவர், குடியிருப்பில் தவறுவது தகுமா?

ஆகவே அச்சாரம் கொடுக்குமுன் சிலவற்றைச் செய்யலாம். துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதுபோல், ஊரையும் அதன் கடினமான காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தீபகற்பத்தின் கிழக்குக் கரையாயின், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது ஒருமுறை சென்று வர வேண்டும். விடுமுறை நாளில் மட்டுமன்றி வேலை நாளிலும் தெருவில் நடக்க வேண்டும். தரகரிடம் கேட்பதோடு நில்லாமல், மூலைக்கடை நானாவிடம் போய்த் தேநீர் குடித்தபடி, “இங்கே ஒருவர் நோயுற்றால் யார் வருவார்? ஒரு மையித்து விழுந்தால் தோள் கொடுப்பவர் யார்?” என்று கேட்க வேண்டும். தனியே வாழும் விதவை ஒருத்தி அந்தத் தெருவில் அச்சமின்றி இருக்கிறாளா என்று விசாரிக்க வேண்டும். இவற்றுக்கு நல்ல விடை கிடைக்கும் ஊரில், கடல் சற்றுத் தொலைவில் இருந்தாலும் குறையில்லை.

இறுதியாக ஒன்று. இவ்வளவையும் அந்த ஊரைப் பற்றி நாம் கேட்கும்போது, அந்த ஊரார் நம்மைப் பற்றியும் இதையே கேட்கும் உரிமை உடையவர்கள். “வரப்போகிறவர் இங்கே குடியிருப்பாரா? கட்டணத்தைக் கட்டுவாரா? நள்ளிரவில் தட்டினால் கதவைத் திறப்பாரா?” என்பவை அவர்களுடைய கேள்விகள். தெலுக் ஆயர் கரையில் இறங்கிய நம் முன்னோரிடம் பெரும்பொருள் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் அமைத்த பள்ளியும் தர்காவும், 1974இல் நாட்டின் தேசிய நினைவுச் சின்னங்களாக ஏற்கப்படும் அளவுக்கு அந்த மண்ணோடு ஒன்றாயின. அவர்கள் கண்ட கடல் இன்று அங்கே இல்லை. அவர்கள் அமைத்தவை இருக்கின்றன. வீடு தேடும் அன்பர்கள் விலை விசாரிக்கும் போதே இதையும் தம் குடும்பத்தாரோடு கலந்து பேசி, நல்ல முடிவுக்கு வருவார்களாக.