காட்டின்பமும் அதன் கடனும்

பிறர் உழைப்பில் விளைந்த இன்பத்தைத் துய்ப்பது முறையா? முறையாயின், துய்ப்பவன் செலுத்த வேண்டிய கடன் யாது? இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியது யாதொரு நூலும் அன்று, கெப்போங் காடேயாம்.

கோலாலம்பூருக்கு அண்மையில், சிலாங்கூரில் உள்ள அக்காடு 500 எக்டருக்கு மேல் பரந்து, பொதுமக்கள் உலாவத் திறந்திருக்கிறது. காண்போர் அதனை ஆதிகாலக் காடென்றே கருதுவர். உண்மை அதுவன்று. ஈயம் தோண்டிப் பாழாக்கிக் கைவிட்ட நிலம் அது. 1920களில் பாக்ஸ்வொர்தி என்னும் வனநூல் அறிஞர் அவ்விடத்தைத் தேர்ந்தார், மரங்கள் நடப்பட்டன, 1929இல் வன ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 2025இல் யுனெஸ்கோ மன்றம் அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. மனிதன் கெடுத்த நிலத்தை மனிதனே திருத்தக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நிற்க. சென்ற ஞாயிறன்று, பால்வெட்டுத் தொழிலில் முதுமையெய்திய பெரியவர் ஒருவருடன் ஆங்குச் சென்றிருந்தோம். கபூர் மரங்களின்கீழ் நின்று அண்ணாந்து நோக்கினோம். ஒரு மரத்தின் முடி மற்றொன்றின் முடியைத் தீண்டாது விலகி நிற்க, இடையே வானம் சிற்றாறுகள்போல் ஓடிற்று. பெரியவர் கேட்டார்: "கிராணி ஐயா, இதுவும் நட்ட மரந்தான், நம்ம பால்மரமும் நட்ட மரந்தான். இங்கே மட்டும் மனசு குளிருதே, ஏன்?"

"அங்கே எண்ணுகிறோம், இங்கே எண்ணுவதில்லை" என்று விடையிறுத்தோம். ஆயினும் அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. என்னை? வனத்தாரும் எண்ணுகின்றனர், அடிமரத்தின் சுற்றளவை அளந்து குறிக்கின்றனர். ஒழுங்குடன் பேணும் காடுகளில் மரம் வெட்டுவதும் உண்டு. ஆனால் காடு எஞ்சும் அளவே வெட்டுவர். ஆகவே எண்ணுதல் குற்றமன்று. எதன்பொருட்டு எண்ணுகிறோம் என்பதே வினா. பால்மரத்தை அது தரும் பாலுக்காகவே எண்ணுகிறோம். பால் குன்றியதும், ஏறக்குறைய முப்பதாண்டில், வீழ்த்திவிடுகிறோம். காட்டையோ, அது நிலைப்பதற்காக எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணம் நம்மைச் சுட்டது. செக்ரோலில் நாள்தோறும் ஆட்களை எண்ணுவோர் நாமே. கை தளர்ந்தவுடன் அப்பெரியவரின் பெயர்மீதும் ஒருநாள் நாமே கோடிழுத்தோம். அன்று அது வெறுங் கணக்காகவே தோன்றிற்று. அவர் அதுபற்றி ஒன்றும் கூறவில்லை. நிழலில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அக்காட்டை நட்டோருள் பலர் இந்நிழலைக் கண்டிரார். அவர்க்கு நாம் கைம்மாறு செய்ய இயலாது. பின்வருவோர்க்கே செய்ய இயலும். பட்டையில் பெயர் செதுக்காமை, குப்பை எறியாமை, பாதை விலகி நடந்து வேரடி மண்ணை இறுக்காமை, இவை அக்கடனின் சிறுபகுதியே. பெரும்பகுதி, வீடு திரும்பியபின் தொடங்குகிறது. பயன் தருங்காறும் பேணுதல் வாணிகம். பயன் தீர்ந்தபின்னும் பேணுதல் அறம். மரத்திற்கு இவ்வறம் உண்டெனில், மனிதனுக்கு இல்லையோ?