ஃப்ரீயா இருக்கீங்களா?

நாம் தினமும் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தைகளுக்குப் போட்டி வைத்தால், 'ஃப்ரீ' முதல் வரிசையில் நிற்கும். சோப்பு வாங்கினால் டப்பா ஃப்ரீ. 'சாயந்திரம் ஃப்ரீயா?' என்றால், நேரம் இருக்கிறதா என்று அர்த்தம். 'ஃப்ரீயா விடு மாமே' என்றால், கவலையை விடு. ஷுகர் ஃப்ரீ பிஸ்கட்டிலோ அதே வார்த்தை 'இல்லை' என்று கையை விரிக்கிறது. பாவம், ஒரு சின்ன வார்த்தை எத்தனை வேலைதான் பார்க்கும்!

காசு இல்லை, வேலை இல்லை, கவலை இல்லை, சர்க்கரை இல்லை. ஃப்ரீ என்றாலே ஏதோ ஒன்று இல்லாமல் இருப்பது என்று நம் மனசில் பதிந்துவிட்டது. சுதந்திரத்தையும் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறோம். கேட்க ஆளில்லை என்றால் ஜாலி!

வார்த்தையின் பூர்வீகத்தைத் தோண்டினால் கதையே வேறு. அதன் ஆதி வேருக்கு 'பிரியமான' என்று பொருள். சம்ஸ்கிருத 'ப்ரிய' முளைத்ததும் அதே வேரில்தான். அங்கிருந்து நம்மிடம் வந்ததுதான் 'பிரியம்'. ஆக, ஃப்ரீயும் பிரியமும் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள்! 'ஃப்ரெண்ட்'கூட அந்தக் குடும்பம்தான்.

பிரியத்துக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? மொழி ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அந்தக் காலத்து வீட்டில் இரண்டு வகை மனிதர்கள். பிரியத்துக்குரிய சொந்தபந்தங்கள் ஒரு வகை, அடிமைகள் இன்னொரு வகை. 'இவன் நம்மாளு' என்று சொல்ல நாலு பேர் இருந்தவனே சுதந்திரமானவன். லத்தீனிலும் 'லீபெர்' என்றால் சுதந்திரமானவன். 'லீபெரி' என்றால் பிள்ளைகள். பிரியத்தின் வட்டத்துக்கு வெளியே நின்றவனை விலை பேசினார்கள் என்கிற கொடுமையும் இதே வார்த்தைக்குள் இருக்கிறது. எனவே, ரொம்பவும் உருகிவிட வேண்டாம்.

சரி, எந்தக் கட்டும் இல்லாதவன்? ஜெர்மன் மொழியில் 'ஃபோகெல்ஃப்ரை' என்று ஒரு சொல். பறவையைப் போல சுதந்திரமானவன் என்று அர்த்தம். கேட்க எவ்வளவு சுகம்! பழைய சட்டத்தில் அது பயங்கரமான தண்டனை. அவனுக்கு யாரும் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது. அடித்துக் கொன்றாலும் ஏன் என்று கேட்க நாதி கிடையாது.

கம்ப்யூட்டர்காரர்களிடமும் இந்தக் குழப்பம் உண்டு. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்று கிளம்பினார். பலரும் 'ஓசி' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது சுதந்திரத்தை. தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 1989-ல் அவர் எழுதிய உரிமத்தில் ஒரு கட்டு இருக்கிறது. எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கூடக் கொள். ஆனால், அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமைகளோடு கொடு! பி.காமில் நான் படித்த எந்த ஒப்பந்தமும் என்னை இவ்வளவு யோசிக்கவைத்ததில்லை.

'கட்டு நல்லது' என்று நான் எழுதினால், ஏதாவது ஒரு வீட்டு மருமகள் கரண்டியோடு கிளம்பி வருவார். நியாயம்தான். அவர் மீது விழுந்த கட்டு, அவரைக் கேட்டுப் போட்டதில்லை. அவிழ்க்கவும் அவரை விடுவதில்லை. நான் சொல்வது அதையல்ல.

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு பெரியவர். ரிட்டயர் ஆகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். கடன் இல்லை, பொறுப்பு இல்லை. 'எப்ப வேணா வாங்க சார், நான் ஃப்ரீதான்' என்பார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். ஜூன் மாதத்தில் கீழ்வீட்டுப் பெண், தன் மகளை ஸ்கூல் வேனிலிருந்து கூட்டிவர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சரி என்றுவிட்டார்.

போன வாரம் ஒரு புத்தக வெளியீட்டுக்கு அவரைக் கூப்பிட்டேன். 'மூன்றரைக்கா? அய்யய்யோ, முடியாது சார். வேன் வந்துடும். பாப்பா என்னைத் தேடும்!' என்றார், கொஞ்சம் அதட்டலாகவே.