மால்குஸின் காது
போர்க்கதைகளைக் குறித்துப் பங்குக் குடும்பங்களுக்கு ஒரு பிரசங்கம்



போர்க்கதை நுழையாத வீடு நம் பங்கில் இல்லை என்றே சொல்லலாம். சிலர் அதைத் திரையரங்கில் பார்க்கிறார்கள், சிலர் புத்தகமாகப் படிக்கிறார்கள், சிறுபிள்ளைகளோ கைபேசியில் தாங்களே துப்பாக்கி பிடித்து விளையாடுகிறார்கள். கதை முடிந்தவுடன் திண்ணையிலும், மீன் ஏலம் போடும் இடத்திலும், எண்ணூர் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்திலும் அபிப்பிராயங்கள் பிறக்கின்றன. கதை நன்றா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பக்கத்தில் நாம் வரவில்லை. அதைப் பார்த்தபின் நம் வாயிலிருந்து வரும் அபிப்பிராயம் எத்தன்மையது என்பதையே இன்று யோசிப்போம்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 31-ந் தேதி, தீபாவளியன்று, ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய "அமரன்" என்னும் படம் வெளிவந்தது. மேஜர் முகுந்த் வரதராஜன் என்ற தமிழ் வீரரின் மெய்யான சரித்திரம் அது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர் அவர். அங்கேதான் இந்து ரெபெக்கா வர்கீஸ் என்னும் கேரளக் கிறிஸ்தவப் பெண்ணைச் சந்தித்தார். பின்பு அவரையே மணந்தார். 2014 ஏப்ரல் 25-ந் தேதி காஷ்மீரத்துச் சோபியான் பகுதியில் பயங்கரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிரைக் கொடுத்தார். 2015 குடியரசு தினத்தன்று அவருக்குரிய அசோக சக்கர விருதை அவர் மனைவி பெற்றுக்கொண்டார். படத்தில் அந்தக் கிறிஸ்தவ மனைவியின் காத்திருப்பும் கவலையும் பாதிக் கதையாய் விரிகின்றன. கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்களில் கண் துடைக்காதவர்கள் குறைவு.

ஆனால் அபிப்பிராயங்களைப் பாருங்கள்! அந்த வீரர் எந்தச் சாதியில் பிறந்தவர் என்பதைப் படம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு தர்க்கம் எழுந்தது. அவரை இந்தியன் என்றே காட்டும்படி குடும்பத்தார் கேட்டுக்கொண்டதாக இயக்குநர் பதில் சொல்லவேண்டியதாயிற்று. காஷ்மீரத்து முஸ்லிம் மக்களைத் தப்பாகக் காட்டியிருக்கிறது என்று சில அமைப்புகள் ஆட்சேபித்தன. அந்த நவம்பர் மாதத்திலேயே மேலப்பாளையத்தில் படம் ஓடிய திரையரங்கின்மீது பெட்ரோல் குண்டும் வீசப்பட்டது. இன்னும் சிலர், "நம் கிறிஸ்தவப் பெண்ணை மரியாதையாகக் காட்டினார்களே, அது போதும்" என்று திருப்திப்பட்டார்கள். அவனவன் தன் தன் கூட்டத்தாரைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டான், அல்லது கோபப்பட்டான். அதே சண்டையில் சிப்பாய் விக்ரம் சிங் என்பவரும் உயிரிழந்தாரே, அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்தோம்?

சகோதரரே, இங்கேதான் சுவிசேஷம் நம்மைத் தோளைத் தொட்டு நிறுத்துகிறது.

இராயபுரம் என்ற பெயர் அர்ச். இராயப்பரால் வந்ததென்று நம் பெரியோர் சொல்வார்கள். நம் கடற்கரைப் படகோட்டிகள் 1829-ம் ஆண்டிலே எழுப்பிய கோவிலும் அவர் பெயராலேயே விளங்குகிறது. அந்த இராயப்பர் ஒருநாள் வாளை உருவினார் என்பதை நினைத்துப் பார்க்கிறோமா? ஒலிவத் தோட்டத்திலே, தீவட்டிகளோடும் ஆயுதங்களோடும் வந்த கூட்டத்தின் நடுவே, தம் குருவைக் காப்பாற்ற வேண்டுமென்ற ரோஷத்தால் வாளை வீசினார். பிரதான குருவின் ஊழியன் ஒருவனுடைய வலது காது அறுந்து விழுந்தது. நம் பிள்ளைகள் பார்க்கும் படமாயிருந்தால், அந்த இடத்தில் கொட்டகையே கைதட்டியிருக்கும். வீரம்! விசுவாசம்! குருபக்தி! இம்மூன்றும் ஒரே வீச்சில்!

சேசுநாதரோ கைதட்டவில்லை. வாளை உறையில் போடச் சொன்னார். அந்த ஊழியனின் காதைத் தொட்டுச் சுகமாக்கினார் என்று லூக்காஸ் எழுதுகிறார். பாடுபடப் போகுமுன் நம் ஆண்டவர் செய்த கடைசிச் சுகமாக்குதல் தம்மைப் பிடிக்க வந்தவனுக்குச் செய்ததேயாம்.

இன்னொரு விசேஷத்தையும் கவனியுங்கள். இந்தச் சம்பவத்தை நான்கு சுவிசேஷகரும் எழுதினார்கள். அவர்களில் அர்ச். அருளப்பர் மாத்திரமே அந்த ஊழியனின் பெயரை எழுதிவைத்தார்: மால்குஸ். அவன் சத்துருவின் ஆள். அவ்விரவுக்குப் பின் அவன் என்ன ஆனான் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் அவனுக்கு ஒரு பெயர் உண்டு, அதைச் சபை இன்றுவரை வாசிக்கிறது. அவனுக்கு உறவினனும் உண்டு. அன்றிரவே குளிர்காயும் நெருப்பருகே, "உன்னை நான் தோட்டத்தில் கண்டேன் அல்லவா?" என்ற பொருளில் இராயப்பரைக் கேட்டவன் மால்குஸின் உறவினனே. வாள் பிடித்த கை அப்போது நடுங்கியது. நாவு ஆண்டவரை மறுதலித்தது. வாள் வீசும் தைரியம் ஒன்று, சாட்சி சொல்லும் தைரியம் வேறொன்று என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்டுவார்?

"சாமி, அப்படியானால் பட்டாளத்துக்குப் போவது பாவமா? என் மகன் எல்லையில் நிற்கிறானே!" என்று ஒரு தாய் கேட்கலாம். அம்மா, அப்படிச் சபை ஒருநாளும் சொன்னதில்லை. போர்ச்சேவகர்கள் ஸ்நாபக அருளப்பரிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளத்தோடு திருப்தியாயிருங்கள் என்றே கற்பித்தார். 1971 டிசம்பரில் கங்காசாகர் சண்டையில் தன் தோழர்களைக் காக்க எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே பாய்ந்து உயிர்கொடுத்த ஆல்பர்ட் எக்கா ஜார்க்கண்டுப் பகுதியின் பழங்குடிக் கிறிஸ்தவர். நாடு அவருக்குப் பரம வீர சக்கரம் அளித்தது. அதே சமயம், அநியாயமான போரில் சேரமாட்டேன் என்று ஹிட்லரின் படைக்கு மறுத்து, 1943 ஆகஸ்டு 9-ந் தேதி தலை வெட்டுண்ட ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரைச் சபை 2007-ல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. ஆயுதம் எடுத்தவரும் எடுக்க மறுத்தவரும் ஒரே நியாயப்பிரமாணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்: எதிரே நிற்பவனும் சர்வேசுரனின் சாயல்.

நம் துறைமுகமும் ஒரு போர்க்கதை அறியும். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மானியரின் "எம்டன்" கப்பல் சென்னைக் கடலில் வந்து நின்று குண்டுமாரி பொழிந்தது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. பயந்த ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள். உயர்நீதிமன்றச் சுவரருகே அதன் ஞாபகக்கல் இருக்கிறது. அந்தக் கப்பலின் தலைவன் முல்லர், தான் பிடித்த வியாபாரக் கப்பல்களை மூழ்கடிக்குமுன் அவற்றிலிருந்த மாலுமிகளை இறக்கிக் காப்பாற்றியவன் என்று பெயரெடுத்தவன். நம் ஜனங்களோ தங்களை நடுங்கவைத்த கப்பலின் பெயரையே பாராட்டுச் சொல்லாக்கிக் கொண்டார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்லுகிறோம்.

சத்துருவின் சாமர்த்தியத்தை மெச்சும் இந்த மனம் நல்லதுதான். ஆனால் அது இன்னும் சுவிசேஷமாகவில்லை. ஏனெனில், அன்றிரவு துறைமுகத்தில் நின்ற கப்பலில் குண்டடிபட்டுச் செத்த மாலுமிகளும் இருந்தார்கள். எம்டன் என்ற பெயர் நம் பாஷையில் நிலைத்தது. செத்தவர்களில் ஒருவன் பெயராவது நம் நாவில் உண்டா? உலகத்தின் கதை பலவானின் பெயரைக் காப்பாற்றி வைக்கிறது. அருளப்பரின் சுவிசேஷமோ காது அறுபட்ட வேலைக்காரனின் பெயரைக் காப்பாற்றி வைத்தது.

சத்துருவை மெச்சுவதைத் தாண்டி, சத்துருவை மனிதனாகக் காண்பதால் வரும் பலன் என்ன? அதற்கும் நம் தமிழ் மண்ணிலேயே சாட்சி உண்டு. 1741-ல் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர்ப் படைக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த சண்டையில் டச்சுப் படை தோற்றது. டிலனாய் என்னும் தளபதி சிறைப்பட்டார். மார்த்தாண்ட வர்மா மகாராஜா அவரைக் கொல்லவில்லை. தம் சேனைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் அமர்த்தினார். டிலனாய் கத்தோலிக்கர். அரண்மனை உத்தியோகத்திலிருந்த நீலகண்ட பிள்ளை என்பவர் பொருள் நஷ்டத்தால் மனம் நொந்திருந்தபோது, இந்த முன்னாள் சத்துருதான் அவரருகே உட்கார்ந்து யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். 1745 மே 14-ந் தேதி நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14-ந் தேதி காற்றாடி மலையில் சேவகரின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாகி வேதசாட்சி முடி பெற்றார். 2022 மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

யோசித்துப் பாருங்கள். குளச்சலில் யாராவது ஒரு சேவகன் ரோஷத்தால் அந்தக் கைதியை வெட்டிப் போட்டிருந்தால், போர்க்கதை அங்கேயே விமரிசையாய் முடிந்திருக்கும். நீலகண்ட பிள்ளையின் துயர நாளில் யோபுவைப் பற்றிச் சொல்ல அந்த வாய் இருந்திருக்காது. சத்துருவின் வாயில் நமக்காக என்ன நன்மையைச் சர்வேசுரன் வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவனைக் கொன்றபின் அதை அறியவும் முடியாது.

ஆகையால், ஒரு கதையில் சிலுவை தெரிகிறது, கதாநாயகி ஜெபமாலை சொல்லுகிறாள் என்பதனால் அது கிறிஸ்தவக் கதை ஆகிவிடாது. வீரனின் கழுத்தில் சுரூபம் தொங்கலாம். அவன் இருதயத்தில் பழிவாங்கும் வெறி குடியிருக்கலாம். சிலுவை அடையாளமே இல்லாத கதையில், குண்டடிபட்ட எதிரிக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒரு சிப்பாய் வரக்கூடும். அங்கே நம் ஆண்டவரின் கை மால்குஸின் காதைத் தொடுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

பயங்கரவாதியின் குற்றத்தைக் குற்றமென்றே சொல்லுவோம். அதை மூடி மறைப்பது சிநேகமல்ல. ஆனால் அவனுடைய ஊராரையும் மதத்தாரையும் ஒருங்கே சத்துருவாக்குவது பொய்க்குற்றம் சாட்டுவதேயாம். அதை ஸ்நாபக அருளப்பர் சேவகருக்கே விலக்கியிருக்க, வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும் நமக்கு அதற்கு உத்தரவு உண்டோ? நம் தெருக்களில் கோவிலும் மசூதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. காசிமேட்டில் ஒரே விசைப்படகில் பல மதத்தாரும் கடலுக்குப் போகிறார்கள். கொட்டகையில் மூண்ட கோபத்தை மறுநாள் காலை படகுக்குள் கொண்டுபோகிறவன், தன் கூட்டாளியின் காதையே அறுக்கிறான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து போர்க்கதை பாருங்கள். அவர்களைத் தனியே விடாதீர்கள். கதை முடிந்தபின் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, இந்தக் கதையில் எதிரிக்கு ஒரு பெயராவது இருந்ததா? இரண்டாவது, யாருடைய சாவுக்கு நாம் அழுதோம், யாருடைய சாவுக்குச் சிரித்தோம்? மூன்றாவது, நம் ஆண்டவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் யாரை முதலில் தொட்டிருப்பார்? இக்கேள்விகளுக்குப் பிள்ளைகள் சொல்லும் பதிலைத் திட்டாமல் கேளுங்கள். பல வீடுகளில் பெரியவர்களுக்கு அவர்களே உபதேசியார் ஆவார்கள்.

இராத்திரி குடும்ப ஜெபத்தில் ஜெபமாலையின் ஒரு பத்துமணியை எல்லையில் காவல் நிற்கும் நம் சேவகருக்கும், அவர்களை எண்ணிக் கண்விழிக்கும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் ஒப்புக்கொடுங்கள். இன்னொரு பத்துமணியை எதிர்ப்பக்கத்தில் அழும் தாய்க்காக ஒப்புக்கொடுங்கள். முதலாவது பத்துமணி சுலபமாய் வரும். இரண்டாவதில் நாவு தடுமாறினால், அங்கேதான் நம் ஞான யுத்தம் நடக்கிறதென்று அறியுங்கள்.

வாளை உறையிலிட்ட இராயப்பரின் பிற்காலத்தையும் மறவாதீர்கள். யோப்பா என்னும் துறைமுகப் பட்டணத்தில், கடலோரத்திலே தோல் பதனிடும் ஒருவன் வீட்டில் அவர் தங்கியிருந்தார். அங்கே அவரை அழைத்துவர ஆள் அனுப்பியவன் கொர்னேலியுஸ், உரோமைப் படையின் நூற்றுவர் தலைவன். இராயப்பரின் ஜனங்களை அடக்கி ஆண்டது அந்தப் படையே. தோட்டத்தில் வாளோடு பாய்ந்தவர் இம்முறை வெறுங்கையோடு அந்தச் சேவகன் வீட்டு வாசற்படி ஏறினார். இஸ்பிரீத்துசாந்துவின் வரம் அந்த வீட்டார்மேல் இறங்குவதைக் கண்டார். அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். நம் ஊர் பெயர் கொண்டிருப்பது இந்த இராயப்பரையே.

அர்ச். இராயப்பரே, அர்ச். தேவசகாயமே, எங்கள் வீடுகளிலிருந்து பகையை அகற்றி, எங்கள் சத்துருக்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் வரத்தை எங்களுக்குப் பெற்றுத்தாரும்.

ஆமென்.